சனிக்கிழமை நீச்சலும் ஒரு சான்றிதழும்

கேள்வி: அன்புள்ள அக்கா, லண்டனில் எங்கள் பகுதித் தமிழ்ப் பெண்களுக்காகச் சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் நீச்சல் தடாகத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். அண்மையில் ஒரு திருநங்கை வந்து சேர்ந்தார். உடுப்பு மாற்றும் அறையில் சிலருக்குச் சங்கடம். நான் கேட்டதும் அவர், தம்மைப் பெண்ணாகச் சட்டம் ஏற்றதைக் காட்டும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். அதை நிர்வாகக் குழுவில் சொன்னேன். யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். இப்போது பாதிப் பேர், "கோர்ட்டே சொல்லிவிட்டது, அனுப்பிவிடு" என்கிறார்கள். மீதிப் பேர், "சான்றிதழ் இருக்கிறதே" என்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பிரிட்டனின் 2004ஆம் ஆண்டு பால்நிலை அங்கீகாரச் சட்டத்தில் 22ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவரிடம் இந்தச் சான்றிதழ் இருப்பது, வேலை கொடுப்பவருக்கோ அரச அலுவலருக்கோ தொண்டு அமைப்பில் இருப்பவருக்கோ தம் பொறுப்பின் வழியாகத் தெரியவந்தால், அதை இன்னொருவரிடம் சொல்வது குற்றம். சில விதிவிலக்குகள் உண்டுதான், ஆனால் "குழுவில் எல்லாரும் நம்ம ஆட்கள்தானே" என்பது அதில் இல்லை. உங்கள் சங்கமும் இதற்குள் வரக்கூடும். நீங்கள் சான்றிதழைக் கேட்டதே பிழை, பிறகு குழுவில் சொன்னது பெரிய பிழை. கோபிக்காதீர்கள், வேறு யாரும் உங்களுக்கு இதைச் சொல்லப்போவதில்லை.

சரி, கோர்ட் என்ன சொன்னது? 2025 ஏப்ரல் 16ஆம் திகதி பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். வழக்கு நீச்சலைப் பற்றியதே இல்லை. ஸ்கொட்லாந்தில் பொது நிறுவனங்களின் சபைகளில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2018இல் ஒரு சட்டம் வந்தது. அந்தக் கணக்கில் சான்றிதழ் பெற்ற திருநங்கையும் சேருவாரா என்பதில் தொடங்கிய சண்டை அது. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்றால் பிறப்பால் பெண், சான்றிதழ் அதை மாற்றாது என்று முடிந்தது. ஆகவே உங்கள் 'சான்றிதழ் கட்சி' சொல்வது இந்த இடத்தில் எடுபடாது. பிறப்புச் சான்றிதழ், ஓய்வூதியம் போன்றவற்றுக்கு அந்தக் காகிதம் பெரிய விஷயம். இரண்டு மருத்துவ அறிக்கைகள் வேண்டும், இரண்டு வருடம் அந்தப் பாலினராகவே வாழ்ந்து காட்ட வேண்டும். ஆனால் உடுப்பு மாற்றும் அறைக் கதவுக்கு அது சாவியாகாது.

'அனுப்பிவிடு கட்சி'யும் தீர்ப்பை முழுதாகப் படிக்கவில்லை. திருநர்களுக்கு எதிரான பாகுபாடும் தொந்தரவும் அதே சமத்துவச் சட்டத்தின்படி இன்றும் தவறு. அந்தப் பாதுகாப்புக்குச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. ஒரு தரப்பு இன்னொரு தரப்பை வென்றதாக இதைப் பார்க்க வேண்டாம் என்று தீர்ப்பை வாசித்த ஹொட்ஜ் பிரபுவே சொன்னார். வாட்ஸ்அப்பில் நடந்தது எனக்குத் தொந்தரவாகத்தான் தெரிகிறது.

இனி அந்த அறை. ஐம்பது வயதில் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்குகிற, முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீச்சலுடைதான் போடுவேன் என்கிற பெண்களை எனக்கும் தெரியும். கணவரிடம்கூடச் சொல்லாமல் வந்தவர் ஒருவர் ஈர உடையைப் பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி, கீரைக்குக் கீழே வைத்துக்கொண்டு போனார். பெண்கள் மட்டும் என்பதால்தான் இவர்கள் வருகிறார்கள். அவர்களது கூச்சத்தைக் 'குறுகிய மனம்' என்று ஒதுக்க நான் தயாரில்லை. சட்டமும் ஒதுக்கவில்லை: பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிற இடத்தில், எதிர்ப்பாலினர் இருப்பதை ஒருவர் நியாயமாகவே ஆட்சேபிக்கக்கூடும் என்றால், தகுந்த காரணத்தோடு ஒரு பாலினருக்கு மட்டும் தனிச் சேவை நடத்தலாம் என்கிறது.

ஆக, 'பெண்கள் மட்டும்' என்றே தொடர உங்களுக்கு வழி இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து யோசித்து, திருநங்கைகளும் வரலாம் என்று மாற்றுவதற்கும் வழி இருக்கிறது, ஆனால் அப்போது ஆண்களை மட்டும் எப்படி மறுக்கிறீர்கள் என்ற கேள்வி வரும். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பூங்காவில் உள்ள பெண்கள் நீச்சல் குளத்திலும் இதே இழுபறிதான். என்னைக் கேட்டால், அந்த ஒரு மணி நேரத்தைப் 'பெண்கள் மட்டும்' என்றே விடுங்கள். தனித்தனிக் கதவுள்ள அறைகள் இருக்கிற தடாகமாகப் பார்த்து, எல்லாருக்குமான இன்னொரு நேரத்தை எடுங்கள். உங்கள் சங்கத்தில் நடைப்பயிற்சி, சமையல் வகுப்பு என்று ஏதாவது இருந்தால், அங்கே அவரை விலக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. இது அவருக்குச் சமமான ஈடாகிவிடாது. வலிக்கும்.

முடிவெடுக்கும் முன், ஆலோசனை சொல்லும் தொண்டு அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸில் ஒரு தடவை கேளுங்கள், இலவசம்தான். தடாகத்தின் முகாமையாளரிடமும் அவர்களுடைய விதியைக் கேளுங்கள், அந்தத் திருநங்கையின் பெயரைச் சொல்லாமல்.

அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள். வரும் சனிக்கிழமைக்கு முன்பே நேரில் கண்டு கதையுங்கள். முதலில் வாட்ஸ்அப்புக்காக மன்னிப்புக் கேளுங்கள், நீச்சலைப் பற்றி அதற்குப் பிறகு.