ஸ்கோடா வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, 2017-ஆம் வருஷத்து ஸ்கோடா ஆக்டேவியா கார் ஒன்று உங்கள் கைக்கு அடக்கமான விலையில் வந்திருக்கிறது. கூடத் தங்கியிருக்கும் அண்ணன்மாரோ "ஸ்கோடாவா? தள்ளிக்கொண்டு போகத்தான் லாயக்கு, டொயோட்டா தவிர எதையும் தொடாதே" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். அந்த அண்ணன்மாரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: நீங்கள் பிரிட்டனுக்கு வந்தது எந்த வருஷம்?

நான் வந்தது 1996. அப்போது இங்கே ஸ்கோடா என்றாலே சிரிப்புதான். பின் கண்ணாடியில் ஹீட்டர் எதற்குத் தெரியுமா, வண்டியைத் தள்ளும்போது கை விறைக்காமல் இருக்க என்பார்கள். பின்னால் எஞ்சின் வைத்த பழைய எஸ்டெல் வண்டிகளைப் பார்த்துப் பிறந்த கேலி அது. நான் வந்து இறங்குவதற்கு முன்பே அந்த வண்டிகளின் விற்பனை முடிந்துவிட்டது. ஆனாலும் எனக்குச் சொன்னவர்கள் நேற்று நடந்ததைப்போலச் சொன்னார்கள். நானும் நம்பினேன், இரண்டு பேருக்குச் சொல்லியும் வைத்தேன்.

நடந்தது வேறு. 1991-இல் ஃபோக்ஸ்வாகன் ஸ்கோடாவில் பங்கு வாங்கியது, 2000-இல் முழுதாகத் தன்வசமாக்கியது. உங்கள் ஆக்டேவியாவின் அடித்தளமும் எஞ்சினும் ஃபோக்ஸ்வாகனின் சொந்தக் காரான கோல்ஃபில் இருப்பவைதான். இருந்தும் கெட்ட பேர் மாறவில்லை. 2000-இல் ஃபேபியா என்ற சின்னக் காரை ஸ்கோடா இங்கே விற்க வந்தபோது, "சத்தியமாக இது ஸ்கோடாதான்" என்று தன்னைத்தானே கிண்டலடித்து விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது. இப்போது போலீஸும் டாக்சிக்காரர்களும் ஆக்டேவியா ஓட்டுகிறார்கள். நாள் முழுக்க ஓடினால்தான் பிழைப்பு என்பவர்கள் நின்றுபோகும் வண்டியை வாங்க மாட்டார்கள்.

பேட்ஜை, அதாவது கம்பெனிச் சின்னத்தைப் பார்த்து முடிவுகட்டுவது எவ்வளவு வேடிக்கை என்பதற்கு நான் எப்போதும் சொல்வது மூன்று சின்ன கார்களின் கதை. டொயோட்டா அய்கோ, சிட்ரோன் சி1, பெஜோ 107. மூன்றும் 2005 முதல் செக் நாட்டில் கோலின் என்ற ஊரில், ஒரே ஆலையில் செய்யப்பட்டவை. ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின் டொயோட்டாவுடையது, மூன்றிலும் அதேதான். முகப்பு, விளக்கு, பேட்ஜ், இவற்றில்தான் பெரும்பாலும் வித்தியாசம். ஆனால் "பிரெஞ்சுக் கார் பக்கமே போகாதே" என்று சி1-ஐ ஒதுக்கிவிட்டு அய்கோவுக்குக் கூடுதலாகக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "என்ன இருந்தாலும் டொயோட்டா டொயோட்டாதான்" என்றார்கள்!

கெட்ட பேர் போகாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு முறை சூடுபட்டவர் அந்தக் கம்பெனிப் பக்கமே மறுபடி போவதில்லை. பிறகு அது திருந்தியது அவருக்கு எப்படித் தெரியும்? பேர்பெற்ற வண்டி நின்றுபோனால் "ஏதோ நம் நேரம்" என்போம், பேர் கெட்டது நின்றால் "அப்போதே சொன்னேனே" என்போம். என் முதல் கார் ஊரே மெச்சும் கம்பெனியுடையது. இரண்டாம் வருஷமே அதன் கியர்பாக்ஸ் போயிற்று. அப்போதுகூட நான் கம்பெனியைக் குறை சொல்லவில்லை, எனக்கு முன்னால் வைத்திருந்தவனைத்தான் திட்டினேன்.

அதற்காகக் குறை சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெஜோ, சிட்ரோன், பிறகு வாக்ஸ்ஹாலிலும் வந்த 1.2 ப்யூர்டெக் பெட்ரோல் எஞ்சினில் டைமிங் பெல்ட் எண்ணெயிலேயே ஊறியபடி ஓடும். அது சிதைந்து துணுக்குகள் எண்ணெய் வடிகட்டியை அடைப்பது உண்மையான கோளாறு. ஆனால் அது அந்த எஞ்சினின் கோளாறு. அதே பேட்ஜ் போட்ட சி1-இல் இருக்கும் ஒரு லிட்டர் டொயோட்டா எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே கம்பெனிப் பேரை விட்டுவிட்டு எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த வருஷம் என்று கேளுங்கள்.

உங்கள் ஆக்டேவியாவிலும் அப்படி ஒரு இடம் உண்டு. மேனுவல் என்றால் கவலை குறைவு. ஆட்டோமேட்டிக் என்றால், டிஎஸ்ஜி எனப்படும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில், உலர் கிளட்ச் வைத்த ஏழு கியர் வகையா என்று கேளுங்கள். சின்ன எஞ்சின்களோடு வருவது பெரும்பாலும் அதுதான். அதில் கிளட்சும், கியரை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டும் கோளாறு செய்வது தெரிந்த விஷயம். கிளட்ச் எண்ணெயில் மூழ்கி ஓடும் ஆறு கியர் ஈரக் கிளட்ச் வகை என்றால் 40,000 மைலுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றிய ரசீது இருக்க வேண்டும். ரசீது இல்லை என்றால் எண்ணெய் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்மாரைவிட நம்பகமான சாட்சி எம்ஓடி பதிவுதான், அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் சோதனையின் பதிவு. மூன்று வயதான வண்டிக்கு வருஷாவருஷம் அந்தச் சோதனை உண்டு. நம்பர் பிளேட்டில் உள்ள எண்ணை அரசாங்கத் தளத்தில் போட்டால் எந்த வருஷம் தேறியது, எதில் தோற்றது, அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது என்று காசில்லாமல் காட்டும். "அட்வைசரி" என்ற பகுதியை, அதாவது தேறிய வண்டியிலும் கவனிக்கச் சொன்ன குறைகளை, ஊன்றிப் படியுங்கள். டயர் தேய்மானம் என்று மூன்று வருஷம் தொடர்ந்து எழுதியிருந்தும் மாற்றாமல் ஓட்டியவன், எண்ணெயை மட்டும் ஒழுங்காக மாற்றியிருப்பானா?

பார்க்கப் போகும்போது எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். டிஎஸ்ஜி என்றால் நெரிசலில் போவதுபோல நத்தை வேகத்தில் பத்து நிமிஷம் உருட்டிப் பாருங்கள், பிறகு ரிவர்ஸில் ஒரு சின்ன ஏற்றம். வண்டி உதறினால் திரும்பி வந்துவிடுங்கள், வேறு ஆக்டேவியா கிடைக்கும்.