ஒரே வெயில்தான், நிலாவெளி மணல் சுடுகிறது, கடல் ஏன் சுடவில்லை?

கச்சான் காற்று வீசும் காலத்து நண்பகலில் நிலாவெளி மணலில் வெறுங்காலோடு நடக்க முடியவில்லை, பத்தடி தள்ளிக் கடலில் கால் வைத்தால் இதமாக இருக்கிறது, அப்படியானால் வெப்பமும் வெப்பநிலையும் வேறு வேறா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, சூடானால் பொருள் விரியும் என்றால் ஒரு தகட்டில் உள்ள துளை சிறுக்குமா, பெருக்குமா என்றும். திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஆண்டுதோறும் என்னிடம் வரும் கேள்விகள் இவை. இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் முதலாவது தெளிந்தால்தான் இரண்டாவது முழுதாகத் தெளியும்.

வேறு வேறுதான். ஒரு பொருளின் துணிக்கைகள், அதாவது அதன் அணுக்களும் மூலக்கூறுகளும், ஒழுங்கின்றி அசைகின்றன. ஒவ்வொரு துணிக்கைக்கும் சராசரியாக எவ்வளவு அசைவுச் சக்தி இருக்கிறது என்பதைக் காட்டுவது வெப்பநிலை. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பநிலை வேறுபாட்டால் கடந்துபோகும் சக்தி வெப்பம். வெப்பநிலைக்குப் பொருளின் அளவு பற்றிக் கவலையில்லை. வெப்பத்துக்கு அளவுதான் பெரிய சங்கதி.

கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு, இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்காகப் போய் நீராடியவர்களுக்கு அந்த ஏழு கிணறுகளும் தெரியும். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, மேலே திரும்பி வருகிறது. 40 பாகை செல்சியஸை ஒட்டிய அந்த நீரில் 10 லீற்றர் ஒரு வாளியில் இருக்கிறது என்று வையுங்கள். அது 30 பாகைக்கு ஆறும்போது ஏறக்குறைய 420 கிலோயூல் சக்தியை வெளியே விடும். இப்போது 10 கிராம் எடையுள்ள ஓர் இரும்பு ஆணியைச் செக்கச் செவேலென்று 800 பாகை வரை பழுக்கக் காய்ச்சுங்கள். அது 30 பாகைக்கு ஆறும்போது விடுவது நான்கு கிலோயூல் அளவுதான். தொட்டால் தோலை உரிக்கும் ஆணியைவிட, இதமாகக் குளிக்கும் வாளித் தண்ணீரிடம் நூறு மடங்கு சக்தி இருக்கிறது. அந்த ஆணியை 30 பாகை நீருள்ள வாளிக்குள் போட்டால் நீரின் வெப்பநிலை பத்தில் ஒரு பாகைதான் ஏறும்.

மணலும் கடலும் அதே கதைதான். உலர்ந்த மணலில் ஒரு கிலோகிராமை ஒரு பாகை ஏற்ற ஏறத்தாழ 800 யூல் போதும்; கடல்நீருக்கு 4,000 யூல் வேண்டும். ஆனால் இந்த ஐந்து மடங்கு வேறுபாடு மட்டும் முழு விடையாகாது. இதோடு நிறுத்திவிடும் புத்தகங்கள் மீது எனக்கு மனக்குறை உண்டு. உலர்ந்த மணல் வெப்பத்தை எளிதில் கீழே கடத்தாது. வாங்கியதையெல்லாம் மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். காலை மணலுக்குள் கொஞ்சம் புதைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்கும். கடலிலோ ஒளி மீற்றர் கணக்கில் உள்ளே இறங்குகிறது, அலை அதைக் கலக்குகிறது, ஆவியாகும் நீரும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உச்சி வெயில் ஒரு சதுர மீற்றருக்கு 1,000 வாற்று அளவு, அதாவது நொடிக்கு 1,000 யூல். ஒரு மணி நேர வெயில் முழுவதும் 5 மீற்றர் ஆழ நீரில் பரவினால், அதன் வெப்பநிலை 0.2 பாகைகூட உயராது.

விரிவுக்கு வருகிறேன். பொருள் விரிவது அதன் வெப்பநிலை மாறுவதால்தான். எவ்வளவு வெப்பம் கொடுத்தீர்கள் என்பது நேரடியாகக் கணக்கில் வராது. பனிக்கட்டி உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், வெப்பநிலையோ சுழியத்திலேயே நிற்கும். கனவளவு கூடுவதற்குப் பதிலாகக் குறையும். அது நிலைமாற்றம், விரிவின் கணக்கில் அதைச் சேர்க்கக்கூடாது.

“அணுக்கள் அதிகம் அதிர்வதால் அதிக இடம் வேண்டும்” என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். இது பாதி விளக்கம். அதிர்வு இருபுறமும் சரிசமமாக இருந்தால், எவ்வளவு பலமாக அதிர்ந்தாலும் இரண்டு அணுக்களுக்கு இடையிலான சராசரித் தூரம் மாறவே மாறாது. உண்மையில் அது சமமாக இல்லை. இரண்டு அணுக்களை நெருக்குவது கடினம், விலக்குவது அதைவிட எளிது. ஆகவே அதிர்வு பெருகும்போது உள்நோக்கிப் போகும் தூரத்தைவிட வெளிநோக்கிப் போகும் தூரம் கூடுகிறது. சராசரி இடைவெளி நீள்கிறது. அணு பருப்பதில்லை, இடைவெளிதான் பெருக்கிறது. இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் துளையின் கேள்வி தானாகவே தீர்ந்துவிடும்: துளையின் விளிம்பைச் சுற்றி நிற்கும் அணுக்களுக்கு இடையிலான தூரமும் கூடுகிறது, அதனால் சுற்றளவு கூடுகிறது, துளை பெரிதாகிறது. ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கினால் அதிலுள்ள வாசலும் சேர்ந்து பெரிதாவது போல.

இதை நம்பாத மாணவர்களிடம் வண்டிச் சக்கரத்தைச் சொல்லுவேன். தம்பலகாமத்து வயல்களிலிருந்து நெல்மூடைகள் மாட்டுவண்டியில் வந்த காலத்தில், மரச் சக்கரத்துக்கு இரும்பு வளையம் போடுவதைக் கொல்லன் பட்டறையில் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன். வளையத்தைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகவே செய்வார்கள். அதை நிலத்தில் கிடத்தி, சுற்றிலும் விறகு அடுக்கி எரித்து, நிறம் மாறும் வரை காத்திருப்பார்கள். பிறகு இரண்டு மூன்று பேர் குறடுகளால் தூக்கி வந்து சக்கரத்தில் இறக்குவார்கள். இடம் கிடைத்தபடி சுத்தியலால் தட்டுவார்கள், மரம் புகையத் தொடங்கும், உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். ஆவி எழும்பும், ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் இறுகும் சத்தம் நன்றாகக் கேட்கும். கணக்கும் எளிது: இரும்பு ஒரு மீற்றருக்கு, ஒரு பாகைக்கு, ஏறத்தாழ 0.012 மில்லிமீற்றர் நீளும். ஒன்றரை மீற்றர் விட்டமுள்ள வளையத்தின் சுற்றளவு 4.7 மீற்றர். 400 பாகை ஏற்றினால் சுற்றளவில் ஏறத்தாழ 23 மில்லிமீற்றர், விட்டத்தில் 7 மில்லிமீற்றர் கூடும். துளை சுருங்கியிருந்தால் ஒரு வண்டியும் ஓடியிராது.

திருகோணமலைக்கு வரும் ரயில் பாதையிலும் இதே எண்தான். 12 மீற்றர் தண்டவாளத் துண்டு விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையில் 30 பாகை ஏறினால் 4.3 மில்லிமீற்றர் நீளும். இணைப்பில் இடைவெளி விடுவது இதற்காகவே. நீள விடாமல் இறுக்கிப் பிடித்தால், உருக்குக்குள் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 70 நியூற்றன் அளவில் தகைப்பு, அதாவது உள்ளிருந்து நெருக்கும் விசை, ஏறும். தண்டவாளம் பக்கவாட்டில் நெளிவது அதனால்தான்.

திரவங்கள் இன்னும் மோசம். சீனக்குடாவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். எரிபொருளை வாங்கி விற்பவர்கள் கனவளவோடு வெப்பநிலையையும் அளந்தே தீர வேண்டும். 10,000 லீற்றர் டீசல் 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய 83 லீற்றர் கூடுதலாகக் காட்டும்; ஒரு துளிகூடப் புதிதாக வந்திருக்காது. எரிபொருள் ஏற்றும் பவுசரை விளிம்பு வரை நிரப்பாததற்கும் இது ஒரு காரணம்.

கடைசியாக, வீட்டிலேயே சோதிக்கக் கூடிய ஒன்று. இறுகிப்போன ஜாம் போத்தலின் மூடியில் சுடுநீர் ஊற்றினால் கழன்றுவிடும். உலோகம் கண்ணாடியைவிட அதிகம் விரிவதால்தான் என்று பலரும் சொல்கிறார்கள். எண்களைப் பாருங்கள்: தகர மூடியின் உருக்கு ஒரு மீற்றருக்கு ஒரு பாகைக்கு 0.012 மில்லிமீற்றர், சாதாரணக் கண்ணாடி 0.009. வேறுபாடு சிறிது. முக்கியமான காரணம், மெல்லிய மூடி சில நொடிகளில் சூடேறிவிடுகிறது, தடித்த கண்ணாடிக் கழுத்து இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. எனவே ஊற்றிய கையோடு திறந்துவிடுங்கள். கண்ணாடியும் சூடாகும் வரை காத்திருந்தால் அந்த அனுகூலத்தில் பெரும் பகுதி போய்விடும்.