தெர்மாமீட்டர் உடைந்தது, குழந்தை பாதரசத்தை விழுங்கியிருக்குமோ?

கேள்வி: நேற்றிரவு காய்ச்சல் பார்க்கும்போது பழைய தெர்மாமீட்டர் படுக்கையறையில் விழுந்து உடைந்துவிட்டது. நான்கு வயது மகன் பாதரச உருண்டைகளைக் கையில் உருட்டி விளையாடினான். ஒன்றை வாயில் போட்டதாகச் சொல்கிறான். மீதியைத் துடைப்பத்தால் கூட்டி ஒரு பாட்டிலில் போட்டிருக்கிறோம். என் தாலிச் செயினிலும் பட்டு ஓரிடம் வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வை என்கிறார். பயமாக இருக்கிறது. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் அந்த உப்புத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாந்தி எடுக்க வைப்பதுதான் இப்போது பையனுக்கு ஆபத்து. தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராம் அளவுக்கான பாதரசம், ஓரிரு சொட்டு. விழுங்கிய பாதரச உருண்டை குடலில் கிட்டத்தட்ட உறிஞ்சப்படுவதே இல்லை, மலத்தோடு வெளியே போய்விடும். கண்ணாடித் துண்டு வாய்க்குள் போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலோ, வயிறு வலித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். இணையத்தில் ஜப்பானின் மினமாட்டா படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு. தொழிற்சாலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் என்ற வேறு வகைப் பாதரசச் சேர்மம் கடலில் மீனுக்குள் ஏறி, அந்த மீனைத் தின்றவர்களைப் பாதித்தது.

வயிற்றை விட மூச்சைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பாதரசம் அறை வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஆவியாகும். மூச்சில் போகும் ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதம் உடம்பில் தங்கிவிடும். துடைப்பத்தால் கூட்டியதில் உருண்டைகள் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். ஏசி வேண்டாம், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், ஓரிரு நாள் பையனை வேறு அறையில் படுக்க வையுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் மிச்சம் மின்னும். இரண்டு தடித்த அட்டைகளால் தள்ளிச் சேர்த்து, பொடியை செல்லோ டேப்பில் ஒட்டி எடுங்கள். வேக்குவம் கிளீனர் கூடவே கூடாது. உருண்டை பட்ட போர்வையை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். பையனுக்கு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

சரி, செயின். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏமாற்று நடக்கிற இடம் இது. பாதரசம் தங்கத்தோடு கலந்து வெள்ளையாகப் படியும். தங்கம் எங்கும் போய்விடவில்லை. 'தங்கம் கெட்டுப்போச்சும்மா, பழைய நகையாகக் கொடுத்துட்டு வேற எடுத்துக்கங்க' என்று சொல்லும் கடையில் உட்காராதீர்கள். நம்பிக்கையான பத்தரிடம், இது பாதரசம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அவர் சூடுகாட்டினால் பாதரசம் ஆவியாகிப் போகும், நிறம் திரும்பும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை போடுங்கள். மெல்லிய கண்ணியாக இருந்தால் அந்த இடம் நொறுங்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதரசம் என்று தெரியாமல் அந்தப் புகையை அவர் சுவாசிக்கக் கூடாது. அதைவிட முக்கியம், யாரோ சொன்னார்கள் என்று வீட்டு கேஸ் அடுப்பில் நீங்களே காட்டிவிடாதீர்கள். உடைந்த தெர்மாமீட்டர் தராத ஆபத்தை அந்த அடுப்பு தந்துவிடும். அதுவரை செயினைக் கழற்றி மூடிய கவரில் வையுங்கள்.

அப்புறம், 'ஹெவி மெட்டல் பேக்கேஜ்' என்று ரத்தம், முடி எல்லாம் எடுத்து, கடைசியில் 'டீடாக்ஸ்' மருந்தும் விற்கும் லேப் ஏஜென்ட்டுகள் வருவார்கள். டாக்டர் எழுதித் தராத எந்தச் சோதனையும் உங்கள் பையனுக்கு வேண்டாம்.

பாட்டிலில் இருப்பதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். குளத்துச் சேற்றில் இருக்கும் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக்கி மீனுக்கு அனுப்பிவிடும். காயலான் கடைக்காரர் காசு தருகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். உங்கள் ஊருக்கு மேலேயே கொடைக்கானலில், தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு 7 டன்னுக்கும் மேல் ஒரு காயலான் கடையில் கிடந்தது 2001இல் வெளியே தெரிந்தது. கேட்பாரில்லாமல் வெறுங்கையோடு அள்ளும் இடம் அது.

அப்படியானால் எங்கே கொடுப்பது? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் உடைந்த பாதரச தெர்மாமீட்டரைப் பெயர் சொல்லியே வீட்டு அபாயக் கழிவில் சேர்த்தன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வைக்க வேண்டும் என்றும் எழுதின. நான் ஒரு நகராட்சி அலுவலகத்தில் கேட்டேன். மூன்று மேஜை மாறி, கடைசியில் 'மக்காத குப்பையில போட்டுடுங்க சார்' என்றார்கள். அதைக் கேட்கவா விதி எழுதினார்கள்?

நீங்கள் அப்படிப் போடாதீர்கள். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் மாற்றி, 'பாதரசம்' என்று ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில், வெயில் படாமல் வையுங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். கூட்டிய துடைப்பத்தையும் ஒட்டிய டேப்பையும் ஒரு பையில் கட்டி அதோடு சேர்த்து வையுங்கள்.