எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காலி இடம் இருந்தும் பார்ட்டிஷனைப் பெரிதாக்க முடியவில்லை, ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கலாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. ஒரே டிஸ்க்கில் இரண்டு பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பிரித்த இரண்டு பகுதிகள், வைத்திருப்பீர்கள். முதலாவது நிரம்பிவிட்டது. இரண்டாவதைச் சுருக்கி இடம் எடுத்தீர்கள், முதலாவதை நீட்டப் போனால் அந்த வரி அழுத்தவே முடியாமல் கிடக்கிறது. அநேகமாக இந்நேரம் ஏதாவது ஒரு மென்பொருளை இறக்கி, இரண்டாவது பார்ட்டிஷனை அப்படியே வலப்பக்கம் தள்ளிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அப்படி நீங்கள் எழுதவில்லைதான். ஆனால் அதே இடத்தில் நானும் நின்றவன், அடுத்து என்ன தோன்றும் என்று தெரியும்.

காரணம் எளியது. விண்டோஸோடு வரும் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவி ஒரு பார்ட்டிஷனை அதற்கு வலப்பக்கம் ஒட்டியே இருக்கும் காலி இடத்துக்குள்தான் நீட்டும். இரண்டாவதைச் சுருக்கும்போது அதன் வால் பகுதிதான் விடுபடுகிறது. அதனால் காலி இடம் டிஸ்க்கின் கடைசியில் போய் உட்கார்ந்துவிட்டது. முதலாவதுக்கும் அதற்கும் நடுவில் இரண்டாவது பார்ட்டிஷன் குறுக்கே கிடக்கிறது. டிஸ்க்கில் பழுது எதுவும் இல்லை, நீங்கள் தவறாக எதையும் அழுத்தவும் இல்லை.

என் அக்கா பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தருகிறாள். பல வருஷ உழைப்பு. எல்லாம் ஒரு 2 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தது. முதல் பார்ட்டிஷன் 500 ஜிபி, மீதி எல்லாம் இரண்டாவது. பதிவுகள் இருந்தது இரண்டாவதில். முதலாவது நிரம்பியதும், “தம்பி, இடம் பத்தலடா, கொஞ்சம் பார்த்துக் கொடு” என்று என்னிடம் தந்தாள். நானும் உங்களைப் போலவே இரண்டாவதிலிருந்து 300 ஜிபி சுருக்கினேன், நீட்ட முடியவில்லை, ஒரு மென்பொருளை இறக்கி இரண்டாவது பார்ட்டிஷனை நகர்த்தக் கொடுத்தேன். பேக்கப் இல்லை. “நகர்த்தத்தானே போகிறோம், அழிக்கவா போகிறோம்” என்று நினைத்தேன்.

நகர்த்துவது என்றால் உள்ளே நடப்பது இதுதான்: அந்தப் பார்ட்டிஷனின் ஒவ்வொரு துண்டையும் படித்து, 300 ஜிபி தள்ளிப் போய், அதே டிஸ்க்கில் எழுத வேண்டும். பழைய இடமும் புதிய இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் கடைசியிலிருந்துதான் தொடங்க முடியும். அலமாரித் தட்டில் நெருக்கமாக அடுக்கிய புத்தகங்களை வலப்பக்கம் தள்ளி வைக்கும்போது கடைசிப் புத்தகத்தைத்தானே முதலில் எடுப்போம், அது மாதிரி. என் பழைய லேப்டாப்பில் இருந்தது யூ.எஸ்.பி. 2.0. விநாடிக்கு 480 மெகாபிட் என்று சொல்லப்பட்டாலும் நடைமுறையில் 30, 35 மெகாபைட்தான் வரும். ஒரு டெராபைட்டுக்கு மேல் இருப்பதைப் படிக்கவும் எழுதவும் சேர்த்தால் 17 மணி நேரத்துக்குக் குறையாது. அவ்வளவு நேரமும் எதுவும் நிற்கக் கூடாது. நின்றால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் கிடக்கும்.

என் வேலை நின்றது. லேப்டாப் தூங்கக் கூடாது என்று செட்டிங்கில் மாற்றியிருந்தேன், ஆனால் சார்ஜர் செருகியிருக்கும் நிலைக்கு மட்டும்தான் மாற்றியிருந்தேன். பேட்டரியில் ஓடும்போதைய செட்டிங்கைத் தொடவில்லை. ராத்திரி யாரோ சார்ஜரைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியவரை நான் குறை சொல்லவில்லை, அது என் பிழை. லேப்டாப் தூங்கியது, டிஸ்க் துண்டிக்கப்பட்டது. காலையில் திறந்தால், டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்யுங்கள் என்று விண்டோஸ் கேட்கிறது.

அந்தக் காலையில் நான் சரியாகச் செய்தது ஒன்றுதான்: ‘கேன்சல்’ கொடுத்து டிஸ்க்கைக் கழற்றி வைத்தேன். உங்களுக்கும் அந்த நிலை வந்தால் ஃபார்மட் கொடுக்காதீர்கள், செக்டிஸ்க் என்ற விண்டோஸின் சரிபார்ப்புக் கருவியையும் ஓட்டாதீர்கள். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் அமைப்பை, ஒழுங்குபடுத்தப் பார்க்குமே தவிர, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. இன்னொரு பெரிய டிஸ்க்கை வாங்கி, டிடிரெஸ்க்யூ என்ற பிரதியெடுக்கும் மென்பொருளை வைத்து முழு டிஸ்க்கையும் துண்டுக்குத் துண்டு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் மீட்பு வேலையைத் தொடங்கினேன்.

தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் பழைய பார்ட்டிஷனின் தொடக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான என்.டி.எஃப்.எஸ்-ஸில் கோப்புப் பெயர்களை வைத்திருக்கும் அட்டவணை பெரும்பாலும் பார்ட்டிஷனின் முன்பகுதியில் இருக்கும். முன்பகுதி இன்னும் நகரவில்லை என்பதால் பெயர்கள் எல்லாம் அப்படியே தெரிந்தன. அப்போது வந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான். முன்பகுதியில் இருந்த கோப்புகள் மட்டும் ஒழுங்காகத் திறந்தன. மற்றவற்றுக்குப் பெயர் இருக்கிறது, உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அவற்றுக்கு ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினேன். அது பெயரைப் பார்க்காது, கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடி எடுக்கும். ஆயிரத்துச் சொச்சம் எம்.பி.3 கிடைத்தது, ஒவ்வொன்றுக்கும் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணும்.

விவரம் தெரிந்த யாராவது, “முன்பாதியைப் பழைய இடத்திலிருந்தும் பின்பாதியைப் புதிய இடத்திலிருந்தும் எடுத்து ஒட்டியிருந்தால் முழுசாகவே கிடைத்திருக்குமே” என்று கீழே எழுதுவார்கள். உண்மைதான். வேலை எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்திருந்தால் செய்திருக்கலாம். அந்த மென்பொருள் எந்தப் பதிவும் வைத்திருக்கவில்லை. மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

காப்பாற்றியது அக்காவின் ஒரு பழக்கம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடத்தின் பெயரையும் பக்க எண்ணையும் சொல்லிவிட்டுத்தான் வாசிப்பாள். நானும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பின் முதல் பத்து விநாடியைக் கேட்டுப் பெயர் வைத்தோம். ஆறு வாரம், வேலை முடிந்து வந்து தினமும். துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்த சில கோப்புகளில் வாசிப்பு பாதியில் வேறு பாடத்துக்குத் தாவியது. அந்த 46 பதிவுகளை அவள் மறுபடி வாசித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

கேள்விக்குத் தொடர்பில்லாதது என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அவள் இத்தனையும் வாசிக்க வேண்டிய அவசியமே ஏன் வந்தது? அவள் கைக்கு வந்த தமிழ் பி.டி.எஃப்-களில் பல, யுனிகோடு இல்லாத பழைய எழுத்துருக்களில் செய்தவை அல்லது பக்கத்தைப் படமாக ஸ்கேன் செய்தவை. கண்ணால் பார்த்தால் அழகான தமிழ். திரைவாசிப்பான் அதைப் படிக்கப் போனால் ஒன்றுக்கும் உதவாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வருகின்றன. படமாக இருந்தால் அதுவும் வராது. புத்தகம் தயாரிப்பவர்கள் கோப்பை யுனிகோடில் வைத்திருந்தால் ஒரு மாணவர் யாரையும் எதிர்பார்க்காமல் படிக்கலாம். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் “பிரிண்டில் நன்றாகத்தானே இருக்கிறது” என்றே பதில் வருகிறது.

சரி, உங்கள் டிஸ்க்குக்கு வருகிறேன். நகர்த்தாதீர்கள். இரண்டாவது பார்ட்டிஷனில் இருப்பதை வேறொரு டிஸ்க்குக்குச் சாதாரணமாகக் காப்பி செய்யுங்கள். பத்துப் பதினைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். அப்புறம் இரண்டாவது பார்ட்டிஷனை நீக்குங்கள். இப்போது காலி இடம் முதலாவதை ஒட்டி வந்துவிடும், எக்ஸ்டெண்ட் தானாக உயிர் பெறும். வேண்டிய அளவு நீட்டிவிட்டு மிச்ச இடத்தில் புதிய பார்ட்டிஷன் போட்டு, கோப்புகளைத் திரும்பக் கொண்டு வாருங்கள். நடுவில் கரண்ட் போனாலும் கேபிள் ஆடினாலும் ஒரு முழுப் பிரதி எங்காவது இருந்துகொண்டே இருக்கும். வேறு டிஸ்க் இல்லை என்றால் கிடைக்கும் வரை பொறுங்கள்.

இப்படி எழுதியதால் நகர்த்தும் மென்பொருள் எல்லாமே மோசம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்ட்டிஷன்களை நகர்த்தவும் அளவு மாற்றவும் உதவும் ஜிபார்ட்டட்டை நான் இப்போதும் பயன்படுத்துகிறேன், நல்ல கருவி. பேக்கப் எடுத்துவிட்டு நகர்த்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பேக்கப் எடுத்தபிறகு, அழித்துவிட்டுத் திரும்பக் காப்பி செய்வதே பல நேரம் சீக்கிரம் முடிகிறது.

இன்னும் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் இருப்பது எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபைல் சிஸ்டம் என்றால் கதையே வேறு, டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைச் சுருக்கவும் செய்யாது நீட்டவும் செய்யாது, ஜிபார்ட்டட்டும் செய்யாது. காப்பி, நீக்கம், புதிய பார்ட்டிஷன் என்பதே பாதுகாப்பான வழி. என்.டி.எஃப்.எஸ்-ஸில் நிறைய இடம் காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருங்குகிறது என்றால், நகர்த்த முடியாத ஏதோ ஒரு கோப்பு நடுவில் நிற்கிறது. நடந்தவற்றை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவில் 259 என்ற எண்ணைத் தேடினால் எந்தக் கோப்பு என்று தெரியும். 2 டெராபைட்டைத் தாண்டிய டிஸ்க்கில் மிச்ச இடம் தொடவே முடியாமல் நின்றால், பார்ட்டிஷன் அட்டவணை (எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) பழைய எம்.பி.ஆர் வகையா என்று பாருங்கள், புதிய ஜி.பி.டி வகைக்கு மாற்ற வேண்டியிருக்கும். எதைத் தொடும் முன்பும் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கை, பாருங்கள். 197 என்ற எண்ணுள்ள வரியில், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு துண்டுகளின்) கணக்கில், பூஜ்யத்துக்கு மேல் ஏதாவது இருந்தால் சுருக்குவது நீட்டுவது பேச்சே வேண்டாம், உடனே கோப்புகளை வெளியே எடுங்கள்.

அப்புறம், எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு இரண்டு பார்ட்டிஷன் உண்மையிலேயே தேவையா என்று யோசியுங்கள். மேக்குக்கும் விண்டோஸுக்கும் பிரித்துத் தர வேண்டியிருந்தால் சரி. மற்றபடி இரண்டு ஃபோல்டர் போதும், எது நிரம்பினாலும் இடச் சண்டை வராது. அக்காவின் புதிய டிஸ்க்கில் ஒரே பார்ட்டிஷன்தான், அதன் முழுப் பிரதி இன்னொரு டிஸ்க்கில் இருக்கிறது.

உங்கள் டிஸ்க் எந்த ஃபைல் சிஸ்டம், மொத்தம் எத்தனை டெராபைட் என்று கேள்வியில் சேர்த்துவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்தக் காலி இடம் காலியாகவே கிடக்கட்டும்.