டச்சு ஓவியங்களில் குடியானவர்கள் ஏன் எப்போதும் குடித்துக்கொண்டே இருக்கிறார்கள்?

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் உழுகிறவரையும் அறுக்கிறவரையும் காண்பது அரிது, மதுக்கடையில் ஆடிப்பாடி அடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம், நிஜத்திலும் அப்படித்தான் இருந்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் நெடுநாள் இருந்த கேள்வி இது.

அந்த ஓவியங்கள் யார் வீட்டுச் சுவருக்குப் போயின என்று பார்த்தால் பாதி புரிந்துவிடும். ஹார்லெம், ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் வரைந்து, பெரும்பாலும் நகரத்தவருக்கே விற்றார்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பேம்ஸ்டர் ஏரியைக் காற்றாலைகளால் இறைத்து 1612இல் விளைநிலமாக்கினார்களே, அதற்குப் பணம் போட்டதும் நகரத்து வியாபாரிகள்தான். நிலத்தின் வருமானம் அவர்களுக்குத் தெரியும். நிலத்தில் முதுகு ஒடிந்தவர்களைக் கூடத்தில் மாட்டிப் பார்க்க அவர்கள் விரும்பவில்லை என்றே நினைக்கிறேன். நிதானமிழந்த குடியானவனைப் பார்த்தால் சிரிக்கலாம், நாம் இப்படி இல்லை என்று திருப்தியும் படலாம்.

ஆனால் எல்லாவற்றையும் கேலி என்று தள்ளிவிடாதீர்கள். ஹார்லெமில் வாழ்ந்த அட்ரியான் ஃபான் ஓஸ்டாடெயை (1610–1685) எடுத்துக்கொள்ளுங்கள். இளவயதில் அவர் வரைந்தவை இருட்டுத் தொழுவங்களும் குடிச்சண்டைகளும்தான். அப்புறம் மெல்ல மாறுகிறார். 1673இல் வரைந்த குடிசை முற்றம் ஒன்று இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. வாசலில் ஒரு பெண் சமையலுக்குச் சிப்பி சுத்தம் செய்கிறாள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள், துவைத்த துணி காய்கிறது. யாரும் யாரையும் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஏழ்மையைக் கொஞ்சம் அழகாக்கிவிட்டார் என்பதும் உண்மைதான். இருந்தாலும் அந்தப் பெண்ணின் வேலை அங்கே வேலையாகவே தெரிகிறது.

நகரத்து வீடுகளுக்குள் இருந்த உழைப்புக்கு அதே நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் பால் ஊற்றும் பெண்ணைப் பாருங்கள். சுமார் 1658இல் வரைந்தது, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. 'பால்காரி' என்று பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் அவள் சமையல்கட்டு வேலைக்காரி. நேரில் பார்த்தபோது நான் வெகுநேரம் நின்றது அவள் கைகளுக்காகத்தான். சட்டைக் கையை மேலே ஏற்றியிருக்கிறாள். வழக்கமாகத் துணி மறைக்கும் இடம் வெளுப்பு, மணிக்கட்டுக்குக் கீழே பழுப்பேறிய சிவப்பு. வெயிலும் தண்ணீரும் பட்ட கை. அவள் யார் என்பதை அந்த நிற வித்தியாசமே சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. ஓஸ்டாடெயின் அப்பா ஐன்ட்ஹோவன் பக்கத்திலிருந்து வந்த நெசவாளி. இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து அதே ஐன்ட்ஹோவனை ஒட்டிய நியூனன் கிராமத்தில்தான் வான்கோ, தறியில் உட்கார்ந்த நெசவாளிகளை 1884இல் வரிசையாக வரைந்தார். மறு வருடம் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்'. அதிலும் யாரும் வேலை செய்யவில்லை, விளக்கொளியில் இரவுச் சாப்பாடுதான் நடக்கிறது. ஆனால் தட்டில் நீளும் இந்தக் கைகள்தான் மண்ணையும் தோண்டின என்பதைக் காட்ட முயன்றதாகத் தம்பி தியோவுக்கு எழுதியிருக்கிறார். அந்த விரல் முட்டிகளை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.