பார்த்தவுடன் சொல்லிவிட முடியுமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய். சொந்தத் தேயிலைத் தோட்டம் இருப்பதால் தினமும் கம்பூட் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வலது பெருவிரலின் அடியில், உள்ளங்காலில் வந்த புண் ஒரு மாதமாக ஆறவில்லை. ஆனால் வலியே இல்லை என்கிறார். ஒரு மருத்துவர் பார்த்தவுடன், ‘விரல் போகலாம், காலே போனாலும் போகலாம்’ என்று சொல்லிவிட்டார். எதை வைத்து இப்படிச் சொல்கிறார்கள்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: வலி இல்லை என்று அப்பா சொல்வதுதான், அம்மா, எனக்குக் கவலை தருகிறது. சர்க்கரையால் நரம்பு மரத்துவிட்டால் பாதம் எதையும் காட்டிக்கொடுக்காது. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்று கம்பூட்டுக்குள் விழுந்து, நாள் முழுவதும் அதன் மேலேயே நடந்துவிட்டு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். காலுறையில் ரத்தத்தைக் கண்டு மனைவி கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். புண்ணைக் கண்ணால் பார்த்து மட்டும் கால் போகுமா என்று யாராலும் சொல்ல முடியாது. புண் எவ்வளவு ஆழம், பாதத்துக்கு ரத்தம் எவ்வளவு வருகிறது, தொற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அமெரிக்க ரத்தநாள அறுவை மருத்துவர்கள் சங்கம் 2014-ல் வெளியிட்ட முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. அவற்றைச் சேர்த்து, ஓராண்டுக்குள் காலை இழக்கும் அபாயத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள்.

ஆழத்தை அறிய, கிருமி நீக்கிய மெல்லிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டுப் பார்ப்போம். நுனியில் எலும்பு தட்டுப்பட்டால், எலும்பிலேயே தொற்று இருக்கலாம் என்று சந்தேகித்து எக்ஸ்ரே எடுப்போம். தொற்றைப் பொறுத்தவரை, புண்ணைச் சுற்றிச் சிவப்பு 2 செ.மீ.க்கு மேல் பரவினால் மிதமானது. காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்துகொண்டால் கடுமையானது.

நம் மலையில் தவறவிடப்படுவது ரத்த ஓட்டம்தான். கால் சில்லென்று இருந்தால் ‘நீலகிரிக் குளிர், வேறென்ன?’ என்று விட்டுவிடுகிறோம். குளிர் இரண்டு காலுக்கும் பொதுவல்லவா? ஒரு பாதம் மட்டும் சில்லிட்டிருந்தாலோ, கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டாலோ ரத்தக்குழாய் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் 0.9-க்குக் கீழே வரக்கூடாது. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிடுவதால், அடைப்பு இருக்கும்போதே இந்தக் கணக்கு நன்றாக இருப்பதுபோல் காட்டும். அதனால் கால்விரலின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே என்றால், ரத்த ஓட்டத்தைச் சீராக்காமல் புண் ஆறுவது மிகக் கடினம். அடைப்பை ஆஞ்சியோபிளாஸ்டியாலோ பைபாஸாலோ சரிசெய்ய முடிந்தால், கால் முழுவதையும் எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு விரலோடு முடிந்துவிடலாம். சிலருக்கு அதுவும் தேவைப்படாது.

அவசர நிலை இல்லையென்றால், ரத்த ஓட்டத்தை அளக்காமல் விரலையோ காலையோ எடுக்கக் கையெழுத்துப் போடாதீர்கள். அளந்தார்களா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அப்பா புகைபிடிப்பவரா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டும் அபாயத்தைக் கூட்டுபவை. பார்க்கும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்பா தோட்டத்துக்குப் போவதை உடனே நிறுத்துங்கள். எவ்வளவு நல்ல மருந்து போட்டாலும், அதே இடத்தை மிதித்து நடந்தால் புண் மூடாது. அந்த இடத்தில் பாரம் விழாதபடி மாவுக்கட்டோ தனிச் செருப்போ தருவார்கள். குளிருக்குக் கணப்பில் காலைக் காட்டுவதும் வெந்நீர்ப் பை வைப்பதும் கூடாது. தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. இடது பாதத்தையும் விரலிடுக்கு வரை தினமும் நீங்களே பாருங்கள்.

காய்ச்சல், நடுக்கம், துர்நாற்றம், மேலேறும் சிவப்பு, விரல் கறுத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், அந்த இரவே ஊட்டிக்கோ கோவைக்கோ பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.