ஸ்கெப்டாய்ட் பாட்காஸ்ட் நடத்தும் பிரையன் டன்னிங் மோசடி வழக்கில் ஜெயிலுக்குப் போனவராமே? அவர் சொல்வதை இனி நம்பலாமா?

போனது உண்மை. இணையத்தில் பொருள் வாங்கி விற்கும் தளமான ஈபேயின் கமிஷன் திட்டத்தில் மோசடி செய்ததாக 2013 ஏப்ரலில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2014 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் நீதிமன்றம் 15 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நம்பலாமா என்ற கேள்விக்குத்தான் ஒரே வரியில் பதில் சொல்ல வரவில்லை. பல வருடம் அந்தக் குரலைக் கேட்டுப் பழகியவன் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஸ்கெப்டாய்ட் 2006 அக்டோபரில் தொடங்கியது. வாரம் ஒன்று, பத்துப் பதினைந்து நிமிடம். பேய் வீடு, பறக்கும் தட்டு, அதிசய மருந்து என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, இந்தக் கதை எங்கே கிளம்பியது, ஆதாரம் என்ன இருக்கிறது என்று வேர் வரை தோண்டுவார். முதல் நிகழ்ச்சியே 'எனர்ஜி' என்ற சொல்லைப் பற்றியது. யாராவது ஆன்மிக அர்த்தத்தில் எனர்ஜி என்று சொன்னால், அந்த இடத்தில் 'அளந்து பார்க்கக்கூடிய, வேலை செய்யும் திறன்' என்று போட்டு வாசித்துப் பாருங்கள், வாக்கியம் நிற்கிறதா என்று கேட்டார். அதைக் கேட்ட சில நாளில் என் சித்தப்பா வீட்டுக்கு வாஸ்து பார்க்க ஒருவர் வந்தார். "இந்த மூலையில எனர்ஜி தேங்கி நிக்குது, இந்தச் சுவர இடிச்சே ஆகணும்" என்றார். மனதுக்குள் சொல்லை மாற்றிப் போட்டேன். வாக்கியம் அப்படியே சரிந்தது. "எதை வச்சு அளந்தீங்க?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. சுவர் இன்றும் நிற்கிறது. எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் டன்னிங்.

இப்போது வழக்கு. ஈபேயின் கமிஷன் திட்டம் இப்படித்தான். நீங்கள் ஒரு பொருளைப் பற்றி எழுதி ஈபே இணைப்பைக் கொடுக்கிறீர்கள். அதை ஒருவர் அழுத்தினால் அவர் கணினியில் ஒரு சின்ன அடையாளக் கோப்பு பதிகிறது, அதாவது குக்கி. பிறகு அவர் ஈபேயில் வாங்கினால் அந்தக் குக்கியைப் பார்த்து உங்களுக்குக் கமிஷன் வரும். டன்னிங் பங்குதாரராக இருந்த கெஸ்லர்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ் என்ற நிறுவனம், வலைப்பதிவுகளிலும் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் பக்கங்களிலும் ஒட்டிக்கொள்ளும் இலவச விட்ஜெட்டுகளை, அதாவது குட்டி நிரல்களை விநியோகித்தது. அதில் ஒன்று, பக்கத்துக்கு வந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று வரைபடத்தில் காட்டும். அந்தப் பக்கத்தைத் திறந்தாலே போதும். எதையும் அழுத்தாமலே, பார்த்தவருக்குத் தெரியாமலே ஈபே குக்கி அவர் கணினியில் ஏறிவிடும். அவர் என்றைக்கோ தானாகப் போய் ஈபேயில் வாங்கினாலும் கமிஷன் இந்த நிறுவனத்துக்கு. இதற்கு 'குக்கி ஸ்டஃபிங்' என்று பெயர்.

2008இல் ஈபே வழக்குத் தொடுத்தது. தன் தலைமையகம் இருக்கும் சான் ஹோசேவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வேலை நடக்காதபடி நிரல் எழுதப்பட்டிருந்தது என்பது அதன் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2010இல் குற்றவியல் வழக்கும் வந்தது. ஈபே அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த கமிஷன் மொத்தம் 50 லட்சம் டாலருக்கு மேல். குற்ற ஒப்புதலில் மோசடிப் பணமாக ஏற்கப்பட்டது 2 லட்சத்திலிருந்து 4 லட்சம் டாலர் வரை. கமிஷன் பட்டியலில் இவருக்கும் மேலே முதலிடத்தில் இருந்த ஷான் ஹோகனும் இதே மாதிரி வழக்கில் 5 மாதம் தண்டனை பெற்றார்.

"பணக்காரக் கம்பெனிதானே, அவனுக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். நானும் சின்ன அளவில் இணைப்புக் கமிஷனில் சம்பாதித்திருக்கிறேன். ஒரு பழைய கேமராவைப் பற்றி ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து எழுதினால், மாதக் கடைசியில் சில நூறு ரூபாய் வரும். இந்த மாதிரித் திட்டங்களில் பொதுவாகக் கடைசியாகப் பதிந்த குக்கிக்குத்தான் கமிஷன். திருட்டுக் குக்கி மேலே வந்து உட்கார்ந்தால், உழைத்து எழுதியவனுடையது அழிந்து போகும். பறிபோனது என்னைப் போன்ற, முகம் தெரியாத எத்தனையோ பேருடைய காசும்தான்.

என்னை அதிகம் வருத்துவது காலம். குற்றச்சாட்டுக்குரிய வருடங்கள் 2006, 2007. ஸ்கெப்டாய்டின் முதல் நிகழ்ச்சிகள் வந்ததும் அதே வருடங்களில்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்டி உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று ஒலிவாங்கியில் சொன்ன அதே நேரத்தில், அவருடைய நிறுவனம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. இதை நான் எப்படியும் சமாதானம் சொல்லிக் கடக்க முடியாது.

ஆனால் அவர் சொல்லிக் கொடுத்த கேள்வியை அவர் நிகழ்ச்சியின் மேலேயே போட்டுப் பார்த்தேன். சொன்னவர் யார் என்பதை விட்டுவிட்டு, சான்று நிற்கிறதா என்று. ஹோமியோபதி மருந்தைத் திரும்பத் திரும்ப நீர்த்துப்போகச் செய்தால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது என்பது டன்னிங் சிறைக்குப் போனதால் மாறிவிடாது. அவர் குரலுக்காக மட்டும் நான் நம்பியிருந்த விஷயங்களும் இருந்தன. அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டி வந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியின் எழுத்து வடிவத்துக்குக் கீழேயும் அவர் ஆதாரப் பட்டியல் கொடுப்பார். முன்பெல்லாம் அதைத் திறந்ததே இல்லை. இப்போது முதலில் அதைத்தான் திறக்கிறேன்.

தண்டனை முடிந்து 2015இல் வெளியே வந்தவர் மறுபடி நிகழ்ச்சிக்கே திரும்பினார், ஆவணப்படமும் எடுத்தார். திருந்தி வாழ அவருக்கு முழு உரிமை உண்டு என்று மனதார நினைக்கிறேன், இன்னும் கேட்கிறேன். ஸ்கெப்டாய்ட் கேட்பவர்கள் தரும் நன்கொடையிலும் நடப்பது. ஆரம்பத்தில் நானும் ஒருமுறை அனுப்பியிருக்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொண்ட செய்தி வந்த பிறகு அனுப்பவில்லை.